கூரைக்குக் கிடைக்கும் மானியம் பூவுக்குக் கிடைக்குமா?

ஓசூர் வட்டாரத்து ரோஜாத் தோட்டக்காரர்களுக்குக் காதலர் தினம் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. செடிகளைக் கவாத்து செய்வது அப்போதுதான். வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர் கிளம்பி, தண்டு நீண்டு, மொக்கு திரண்டு, கொய்யும் பருவத்துக்கு வர 45 முதல் 55 நாள் பிடிக்கும். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி 10-க்குள் பூ விமானம் ஏறியாக வேண்டும். நடுவில் வானம் நாலைந்து நாள் மூடிக்கொண்டால் பூ தாமதிக்கும். வெயில் ஏறினால் முந்திக்கொள்ளும். பிப்ரவரி 15 அன்று பருவத்துக்கு வரும் சிவப்பு ரோஜாவைக் கேட்க ஆளிருக்காது.

இத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்டுப் பயிர் செய்கிறவர்களுக்கு அரசு தருவது என்ன? பெரும்பாலும் குழாயும் பாலித்தீனும். பசுமைக் குடில் அமைக்கும் செலவில் பாதியைத் தேசியத் தோட்டக்கலைத் திட்டம் மானியமாகத் தருகிறது. நல்ல உதவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மானியம் சதுர மீட்டரில் அளக்கப்படுகிறது. கூரை எழும்பியதும் அளவெடுத்து, படம் பிடித்து, கோப்பை மூடிவிடுகிறார்கள். பூ நலமாக வளர்வதற்கான சங்கதிகள் எல்லாம் அந்தக் கோப்பு மூடிய பிறகுதான் தொடங்குகின்றன.

முதலில் இடத்தைப் பற்றி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் இரவு ஓரளவு குளிர்கிறது, குளிர்காலத்தில் உறைவதில்லை. பக்கத்திலேயே பெங்களூரு. தளி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று சுற்றியுள்ள ஊர்களில் வெள்ளைக் கூரைகள் பரவியதற்கு இந்தத் தட்பவெப்பமே முதல் காரணம். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனப் பங்கேற்போடு அமுதகொண்டப்பள்ளியில் உருவான டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா இந்த வட்டாரத்து ரோஜாவுக்கு ஏற்றுமதி முகவரியைத் தந்தது.

உலகெங்கும் கொய்மலர்த் தொழில் இப்படித்தான் இடம் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த டேவிட் சீவர் என்ற மாணவர், 1967-இல் எழுதிய ஆய்வறிக்கையில் கொலம்பியாவின் பொகோட்டா பீடபூமியைப் பூ வளர்க்கத் தோதான இடமாகச் சுட்டிக்காட்டினார். சுமார் 2,600 மீட்டர் உயரம், ஆண்டு முழுக்க ஒரே மாதிரியான குளுமை, அருகில் விமான நிலையம், மூன்று மணி நேரப் பயணத்தில் மயாமி. இரண்டே ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் அங்கே நிறுவனம் தொடங்கினார்கள். இன்று அமெரிக்கர்கள் வாங்கும் கொய்மலரில் பெரும்பகுதி கொலம்பியாவிலிருந்து வருகிறது. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரை ஐரோப்பாவுக்கு அதே வேலையைச் செய்கிறது.

குடிலைச் சூடாக்க வேண்டாத நாட்டில் பூ வளர்ப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 2007-இல் 12,000 ரோஜாக்களை வைத்து ஒப்பிட்டது. கென்யாவில் வளர்த்து விமானத்தில் கொண்டுவந்தால் கரியமில வாயு சுமார் 6 டன். நெதர்லாந்தில் எரிவாயுவால் சூடேற்றி, விளக்குப் போட்டு வளர்த்தால் சுமார் 35 டன். விமானப் பயணத்தையும் சேர்த்துத்தான் இந்த வித்தியாசம்.

ஆக, வெயிலும் குளிரும் ஓசூருக்கு இலவசமாகக் கிடைத்தவை. அவற்றின் மேல் பாலித்தீனைப் போர்த்தியதும் ஆரம்பிக்கிறது வம்பு.

பசுமைக் குடில் மழையைத் தடுக்கும், காற்றின் வேகத்தைத் தணிக்கும், வெயிலைச் சலித்துத் தரும். அதோடு நோயும் வராது என்று நம்பி முதல் போடுகிறவர்கள் நிறைய. உண்மையில் வெளியே இருக்கும் பல நோய்களுக்குக் குடில் கதவைச் சாத்துகிறது, வேறு சில நோய்களுக்கு உள்ளேயே பாய் விரித்துக் கொடுக்கிறது. பகலில் குடிலுக்குள் 25 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டக்காரருக்கு நிம்மதியான நிலைதான். அதே காற்று இரவில் 17 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே அதிலுள்ள நீராவி துளியாகக் கட்டத் தொடங்கிவிடும். போதாததற்குச் செடிகள் மாலை வரை மூச்சாக விட்ட ஈரமும் உள்ளேயே நிற்கிறது. டிசம்பர் இரவில் ஓசூர் இதைவிடவும் குளிரும். குளிருக்குப் பயந்து பக்கத் திரைகளைச் சீக்கிரமே இறக்கிவிட்ட குடிலில், விடியும்போது பாலித்தீனின் உட்புறத்திலிருந்து இலை மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்.

அடிச்சாம்பல் நோய்க்கு வேண்டியது அதுதான். தோட்டக்காரர்கள் ‘டௌனி’ என்று அலுப்போடு சொல்லும் இந்த நோய், ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் சில மணி நேரம் நின்றால் பரவும். இலையில் நரம்புகளுக்கு இடையே கருஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். மருந்து அடித்ததில் இலை கருகிவிட்டது என்று முதலில் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துச் சும்மா இருந்த சில நாட்களில் செடி இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும்.

சாம்பல் நோய் வேறு ரகம். பெயரைக் கேட்டால் முன்னதன் அண்ணன் தம்பி போலத் தோன்றும், ஆனால் சொந்தமே இல்லை. அது உண்மையான பூஞ்சை. அடிச்சாம்பலை உண்டாக்குவது பூஞ்சைபோலவே தோற்றமளிக்கும், நீர்ப்பாசிகளுக்கு நெருக்கமான வேறொரு உயிரி. அதனால் ஒன்றுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பலிக்காது. சாம்பல் நோயின் வித்துகளுக்கு இலையில் தண்ணீர் நிற்கவே வேண்டாம், நின்றால் அவற்றுக்குச் சங்கடம். பகலில் வறட்சி, இரவில் ஈரம் என்று மாறி மாறி வந்தால் போதும், இளந்தளிர் முழுக்க மாவு பூசியதுபோல் ஆகிவிடும். மூன்றாவது, போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல்நிறப் பூசணம். அதற்கு இதழில் சில மணி நேரம் ஈரம் தங்க வேண்டும். பாத்தி ஓரத்தில் கிடக்கும் பழுத்த இலையிலும் உதிர்ந்த இதழிலும் அது குடியிருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான வைத்தியம் ஒன்று உண்டு, அதற்குக் கடையில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. மாலையில் திரையை முழுக்க இறக்குமுன் உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றுவது, மேல்கூரைத் திறப்பை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது, செடிக்குக் காலையில் மட்டும் தண்ணீர் விடுவது, தழையைப் பொறுக்கி வெளியே கொண்டுபோய் அழிப்பது. கேட்கச் சாதாரணம். ஆனால் இதைத் தினமும் செய்ய ஆள் வேண்டும், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி குடிலின் நடுவில், செடியின் உயரத்தில் தொங்க வேண்டும். பல லட்சம் ரூபாய்க் குடிலில் சில நூறு ரூபாய்க் கருவி இல்லாத இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. இலைப்பேன் நுழையாதிருக்கப் பக்கவாட்டில் நெருக்கமான பூச்சி வலை கட்டச் சொல்கிறார்கள். வலை நெருங்க நெருங்கக் காற்று குறைகிறது. பூச்சி நின்றால் பூசணம் வருகிறது, பூசணம் நின்றால் பூச்சி வருகிறது. வலையின் பரப்பைக் கூட்டியும் குடிலின் உயரத்தை ஏற்றியும் இதைச் சமாளிக்கலாம். உயரமான குடில் விலை கூடியது, ஆகவே மானியத்தின் அளவுகோலுக்குள் அடங்கும் மலிவான வடிவமே ஊரெங்கும் எழும்புகிறது.

வெயில் காலம் வந்தால் பூசணம் ஓய்ந்து செஞ்சிலந்தி எழுந்துவிடும். இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் இந்தச் சிற்றுயிர், 30 டிகிரி வெப்பத்தில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். தலைமுறை வேகமாக மாறுவதால் மருந்தை எதிர்க்கும் வல்லமையும் வேகமாக வந்துவிடுகிறது. உலகில் மிக அதிகமான மருந்துகளுக்கு எதிர்ப்பு காட்டும் உயிரிகளின் பட்டியலில் இதற்கு முன்வரிசை இடம். அவசரத்தில் கையில் கிடைத்த பைரித்ராய்டு மருந்தை அடித்தால், செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகள் முதலில் சாகும். எதிரி போன வீட்டில் செஞ்சிலந்தி முன்பைவிட வேகமாகப் பெருகும்.

நெதர்லாந்தில் யான் கொப்பெர்ட் என்ற வெள்ளரி விவசாயிக்கு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. வேறு வழி தேடியவர், செஞ்சிலந்தியை வேட்டையாடும் இன்னொரு சிலந்தியை வளர்த்துக் குடிலில் விட்டார். 1967-இல் அவர் தொடங்கிய சிறு தொழில் இன்று உயிரியல் கட்டுப்பாட்டில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. நம் மண்ணிலும் அத்தகைய வேட்டைச் சிலந்திகள் உண்டு. நியோசியூலஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் நன்கு அறிவார்கள். ஆய்வகத்தில் அறிந்தது பாகலூர்த் தோட்டத்துக்குப் பாட்டிலில் வந்து சேர்வதற்கான ஏற்பாடுதான் மருந்துக்கடை அளவுக்கு வளரவில்லை. மருந்துக்கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கடனுக்கும் தருகிறது.

அந்தக் கடனின் ஒரு பகுதியை அடைப்பவர்கள் தொழிலாளர்கள். பக்கக் கிளை கிள்ளுவதும், மொக்குக்கு வலைத்தொப்பி மாட்டுவதும், தரம் பிரித்துக் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நாள் முழுக்க இலையோடும் இதழோடும் உரசும் கைகள் அவை. பெல்ஜியத்தில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, பூக்கடைகளில் வாங்கிய ரோஜா, ஜெர்பெரா, சாமந்திக் கொத்துகளில் 90 மாதிரிகளைச் சோதித்தது. மொத்தம் 107 வகை மருந்து எச்சங்கள் கிடைத்தன, ஒரு கொத்துக்குச் சராசரியாகப் பத்து. அந்த ஆய்வு கவலைப்பட்டது பூக்கடைக்காரர்களின் கைகளைப் பற்றி. பூவை வளர்த்த கைகள் அதற்கும் பல நாள் முந்தியே அதைத் தொட்டுவிட்டன. பூ உண்ணும் பொருள் அல்ல என்பதால், காய்கறிக்கு இருப்பதுபோல் இத்தனைக்கு மேல் எச்சம் கூடாது என்ற வரம்பு ஐரோப்பாவில்கூடக் கொய்மலருக்கு இல்லை.

அமெரிக்காவில் மருந்தின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப, அடித்த இடத்துக்குள் 12, 24, 48 மணி நேரம் என்று ஆள் நுழையக் கூடாது என லேபிளிலேயே அச்சிடுகிறார்கள். இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடையைப் பற்றிப் பேசுகின்றன. அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது இங்கே ஓரளவு பேசப்படுகிறது, ஆள் உள்ளே நுழைய எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நாலு பக்கமும் மூடிய குடிலுக்குத்தான் அந்தக் கணக்கு திறந்தவெளி வயலைவிட அதிகம் தேவை.

தண்ணீருக்கு வருவோம். ரோஜாவுக்கு உப்பு ஆகாது. பாசன நீரின் உப்புத்தன்மை கூடினால் இலை ஓரம் கருகும், பைகார்பனேட் கூடினால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிட்டாமல் தளிர் வெளுக்கும். அப்போது பலர் உரத்தைக் கூட்டுவார்கள். உரமும் உப்புதான், ஆகவே சங்கடம் இரட்டிக்கும். இந்த வட்டாரத்து நிலத்தடி நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கொய்த ஜெர்பெராவை நிறுத்திவைக்கும் வாளித் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே இதழ் பாதிக்கப்படும். ஜெர்பெரா வளர்ப்பவர் இதை அறியாவிட்டால் பழியை நாற்றின் மேலும் வியாபாரியின் மேலும் போட்டுக்கொண்டிருப்பார்.

தீர்வு அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. 4,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஓர் ஏக்கர் பாலித்தீன் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 32 லட்சம் லிட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று ரோஜாவுக்குக் கணக்கிட்டால் 160 நாள் பாசனம். சிந்துவது, ஆவியாவது போக நூறு நாளுக்காவது உப்பில்லாத நீர் உறுதி. ஆழ்குழாய் நீரோடு கலந்தால் ஆண்டு முழுக்கத் தாங்கும். குடிலோடு சேர்த்தே கூரை நீர்க் குட்டையும் வெட்டியாக வேண்டும் என்று மானிய விதியில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை என்று தெரியவில்லை.

நீலகிரியின் கதை வேறு. தேயிலை விலை சரிந்த காலத்தில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சிறு விவசாயிகள் கார்னேஷனுக்கு மாறினார்கள். கார்னேஷனுக்குக் குளிர் பிடிக்கும், மலை அதற்குப் பொருத்தம்தான். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் சட்டென்று மாறினால் பூவின் புல்லிவட்டம் வெடித்து இதழ் ஒரு பக்கமாகச் சரியும். அதற்காக மொக்கைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டுகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை ஃபியூசேரியம் வாடல். மண்ணில் ஒருமுறை புகுந்துவிட்டால் பல ஆண்டுகள் போகாது. நோயில்லாத நாற்று, நீராவியாலோ வேறு முறையிலோ சுத்திகரித்த பாத்தி, அல்லது மண்ணே இல்லாத தென்னை நார்க்கழிவுப் படுகை என்று வழிகள் இருக்கின்றன, எல்லாமே முதலிலேயே செலவு வைப்பவை. கடன் வாங்கிக் குடில் போட்டு, இரண்டாவது சுற்று நடவில் வாடலைப் பார்த்தவருக்கு அந்த முதலைப் புரட்ட வழியிருக்காது.

தொண்ணூறுகளில் பெரிய நிறுவனங்களே இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. தாராளமயமாக்கலுக்குப் பிறகு ஏற்றுமதிக்கென்றே பல பசுமைக் குடில் நிறுவனங்கள் தோன்றின. டச்சு, இஸ்ரேல் தொழில்நுட்பம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அவற்றில் பல சில ஆண்டுகளில் நொடித்துப் போயின. சரக்குக் கட்டணம், வட்டி, விலை என்று காரணங்கள் பல. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பொருந்தாத வடிவமும் அவற்றில் ஒன்று. உலக மலர் வணிகத்தில் இந்தியாவின் பங்கு இன்றும் ஒரு விழுக்காட்டுக்குக் கீழேதான்.

ஏற்றுமதியில் விட்டதை உள்நாட்டுக் கல்யாண மண்டபங்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. பன்னீர் ரோஜாவின் மணத்தில் பழகிய பாட்டிமார்கள் மேடை அலங்காரத்து ரோஜாவை மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். தண்டு நீளம், நிறம், நீடித்து நிற்றல் இவற்றுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் வாசம் வழியிலேயே கழன்றுவிட்டது. ஆனால் அந்த நீடித்து நிற்றலையும் உள்நாட்டுச் சந்தையில் நாம் பாழாக்குகிறோம் என்பதுதான் வருத்தம். விடியலில் கொய்த பூ உடனே வாளித் தண்ணீருக்குள் போக வேண்டும், சில மணி நேரத்துக்குள் 2 முதல் 4 டிகிரி குளிருக்குப் போக வேண்டும். வாளி அழுக்காக இருந்தால் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். பூ மலராமலே கழுத்து மடங்கிப்போகும். குடிலில் இதழில் ஒட்டிக்கொண்ட போட்ரைட்டிஸ் வித்து, வெளியே கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பெட்டிக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்ததும் முளைக்கும். சென்னையில் பெட்டியைத் திறக்கும் வியாபாரி பழுப்புப் புள்ளியைப் பார்த்து விலையை அடிக்கிறார். அந்தப் புள்ளி நாலு நாளுக்கு முன் ஓசூரில் இறக்கிய திரையில் தொடங்கியது என்பதை அவரும் பூவை வளர்த்தவரும் அறியமாட்டார்கள்.

தளியில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. செயல்விளக்கக் குடில்களும் பயிற்சியும் அங்கே உண்டு. அது காட்சிக்கூடமாக நின்றுவிடாமல் மருத்துவமனையாகவும் மாற வேண்டும். புள்ளி விழுந்த இலையை விவசாயி காலையில் கொண்டுவந்தால், அது டௌனியா, மருந்துக் கருகலா என்று மாலைக்குள் சொல்லும் ஆய்வக வசதியும், வாரம் ஒருமுறை தோட்டம் தோட்டமாகப் போய் இலையின் அடியைப் புரட்டிப் பார்க்கும் பயிற்சி பெற்ற இளைஞர்களும் தேவை. வேட்டைச் சிலந்தியைப் பெருக்கித் தரும் சிறுகூடம் ஒன்றை அங்கேயே தொடங்கலாம். ஒரு பெரிய குடிலுக்குத் தரும் மானியத்தோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

மானியத்தையும் இரண்டாகப் பிரித்துத் தரலாம். குடில் எழும்பியதும் ஒரு தவணை. பாலித்தீன் உறை சுமார் மூன்று ஆண்டில் மங்கி, ஒளி குறைந்து, மாற்றியாக வேண்டிய நிலைக்கு வரும். பல தோட்டங்கள் தடுமாறுவதும் அந்த நேரத்தில்தான். இரண்டாம் தவணையை அப்போது தர வேண்டும். மேல்திறப்பு வேலை செய்கிறதா, ஈரப்பதக் கருவி தொங்குகிறதா, கூரை நீர் குட்டைக்குப் போகிறதா, மருந்து அடித்த நாளும் நேரமும் வாசல் பலகையில் எழுதப்படுகின்றனவா, வேலையாட்களுக்குக் கையுறை இருக்கிறதா என்று தோட்டக்கலை அலுவலர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, புது உறைக்கான பணத்தை விடுவிக்கலாம்.